வருகைப் பதிவு

சோழமண்டலம் வாய்க்கு வாய் தேய்ந்து
கொரமண்டல் என்று நின்றுபோன தொழிற்பேட்டையில்,
தையற்கூடத்துக்கும் குளிர்பானக் கிடங்குக்கும் நடுவே
எங்கள் ஆவணக் காப்பகம்.
மூன்றாம் அலமாரி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள்,
அப்புறம் கனகசபை.

குமாஸ்தாக்கள் அவர் பெயரை நான்கு விதமாய் எழுதியிருக்கிறார்கள்.
கனக்சாபி. கானாகசபே. கனஸ்காபி.
ஒரு கடன் பத்திரத்தில் வெறும் கனாக்.
கையெழுத்து மட்டும் தமிழ்.
கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி
இரண்டு வரி கீழே இறங்கி
கவர்னர் பெயரைத் தொட்டு நிற்கும்.

ரோஸ் ஹில்லில் ஒரு சந்துக்கு அவர் பெயர் வைக்கிறார்களாம்.
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்.
கொள்ளுப்பேரன் பல் டாக்டர், இரண்டு முறை போன் செய்துவிட்டார்:
"கூலிகளுக்காகப் பாடுபட்டவர்னு போடுங்க, மேடம்."

போடத்தான் உட்கார்ந்தேன்.

தகப்பன் கழுத்தில் தகரத் துண்டோடு இறங்கியவன்.
மகன் ஃப்ளாக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன்.
கூண்டில் நின்றவன் கால்மணி நேரம் அழுது சொன்னதை
"காய்ச்சலாம், துரையே" என்று
இரண்டு சொல்லில் முடித்துக் கொடுப்பான்.
சர்க்கரை விலை விழுந்த வருடம்
வெள்ளையர் விற்ற நிலத்தை வாங்கித் துண்டு போட்டான்.
துண்டு போக மிஞ்சியது தொண்ணூறு ஆர்ப்பான்.
அந்த இடத்திலிருந்து
ஏடுகள் அவனை 'அவர்' என்கின்றன.

நியமன உறுப்பினர். கறுப்புக் கோட்டு.
போர்ட் லூயி தையற்காரனுக்கு
மூன்று வருடம் பாக்கி.
முதல் வருடம் பேசியது ஒரே ஒரு முறை,
பட்டியில் அடைத்த ஆடுகளுக்கு அபராதம் குறைக்கச் சொல்லி.
குறைத்தார்கள், அரை ரூபாய்.
இரண்டாம் வருடம் ஒரு பாலம்.
இன்றும் பஸ் ஏறினால் முனகுகிறது,
ஆனால் நிற்கிறது. அதை எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் ரெட்டை வெட்டு.

ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு
இரண்டு நாள் கூலியை வெட்டுவது.
கரும்பை ஒரு முறைதான் வெட்டலாம்,
கூலியை இரண்டு முறை வெட்டலாம்.
அதை ஒழிக்கச் சொல்லி ஒரு தீர்மானம்.
அவருக்கு வந்த மனு இதோ:
நாற்பத்தொரு கைநாட்டு,
மை உலர்ந்து எறும்புப் புற்று மாதிரி.
மடிப்பு கிழிந்திருக்கிறது,
பல முறை பிரித்துப் படித்திருக்கிறார்.

புதன்கிழமை வாக்கெடுப்பு.
ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஆறு.
கனகசபை: வரவில்லை.

காரணம் எங்கும் இல்லை.
டாக்டர் சீட்டு இல்லை, சாவு இல்லை,
ரயில் ஓடியிருக்கிறது.
பல் டாக்டரிடம் சொன்னேன்.
"வந்திருந்தாலும் ஆறுக்கு ஆறு, மேடம்,
கவர்னர் எதிராத்தான் போட்டிருப்பார்."
இருக்கலாம்.
வராதவர்களுக்காக வாதாட
எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.

குறிப்பை அத்தோடு முடித்திருப்பேன்.
அடிப்பெட்டியில் தோட்டத்துக் கூலிக் கணக்கு கிடக்காமல் இருந்திருந்தால்.

அதே வாரம். ஏழு பேர்.
மண்ணாங்கட்டி, வேம்பன், லட்சுமணப் படையாச்சி,
பிறகு எண் மட்டும் கொண்ட நால்வர்.
புதன்கிழமைக்கு நேரே சுழி.
ஓரத்தில் சர்தாரின் கிறுக்கல்:
'சபை வாசலில் நிற்கப் போனார்கள்.'
இருட்டில் கிளம்பி நடந்திருக்கிறார்கள்,
தங்கள் ஆள் கை தூக்குவதைப் பார்க்க.
உள்ளே நாற்காலி காலி என்று
வெளியே நின்றவர்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்?

வியாழக்கிழமை ஏழு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.
வியாழனுக்கு நேரேயும் சுழி.

பக்கத்தின் அடியில் முதலாளி கையெழுத்து, தமிழில்.
கடைசி எழுத்திலிருந்து அந்த வால் கிளம்பி
இரண்டு வரி கீழே இறங்குகிறது.
இந்தத் தாளில்
அது தொட ஒரு பெயரும் இல்லை.

போன் அடிக்கிறது. மூன்றாம் முறை.
பாலத்தைப் பற்றிய வரியை
இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறேன்.